பானைக்குள் பச்சை விளக்கு

வெஸ்னா செய்தியைத் தவறான குரூப்பில் போட்டுவிட்டாள்.

"அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். கோடையைத் தாண்டமாட்டாராம். அவருக்குத் தெரியவே கூடாது." இது போக வேண்டியது அண்ணன் டாமிருக்கும் தம்பி மாத்தேவுக்கும். போனது குரோவேஷியா முதல் கனடா வரை சிதறிக் கிடக்கும் மொத்தச் சொந்தத்துக்கும். பதறிப்போய் அவள் அதை அழிப்பதற்குள் ஸ்பிளிட் நகரத்துச் சித்தி ஓர் அழுகிற முகத்தைப் போட்டு, "யாருக்கு, நம்ம பேரோவுக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியில் தன் விடுதி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த டாமிர் உடனே தங்கைக்குப் போன் போட்டான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"ஆறு வருஷம் கழிச்சுப் பேசுற. முதல் வார்த்தையே இதானா, அண்ணா?"

ஆறு வருடம்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று தொடங்கிய சண்டை. முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி அம்மா சார்மா சமைக்கும் பெரிய எனாமல் பானை யாருக்கு என்பதுதான் வழக்கு. அப்பா அதை யாருக்கும் கொடுக்காமல் அலமாரி உச்சியில் தூக்கி வைத்தார். வெஸ்னா அடிலெய்டுக்கும் மாத்தே மேற்கே இரும்புச் சுரங்கத்துக்கும் போனார்கள். ஒரே ஊரில் இருந்த டாமிர்கூட மாதம் ஒருமுறை வாசலில் நின்று, "எல்லாம் சரிதானே?" என்று கேட்பதோடு சரி.

நோயைப் பற்றி மூவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னவள், வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்க்கும் ஆறடி உயர நர்ஸ் பெவர்லி. "கிழவருக்குத் தெரிய வேண்டாம். என்ன செய்றதுன்னு மூணு பேரும் கலந்து பேசிக்கங்க" என்றாள்.

ஏன் தெரியக் கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அப்பாவோடு ஓப்பல் கல் தோண்டிய கூட்டாளி ஸ்டாங்கோவிடம் டாக்டர் இதே நோயைச் சொன்ன அன்று, அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே தன் பழைய சுரங்கக் குழிக்குப் போனார். மறுநாள் கயிறு கட்டித்தான் மேலே எடுத்தார்கள். அப்பா வீட்டுக்குப் பின்னாலும் அப்படித் திறந்த குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"அந்த குரூப்பே வேணாம்" என்றான் டாமிர். "கம்பெனியே இல்லாத ஆப் இருக்காம். போன் நம்பர் கேட்காது. நடுவுல ஆள் கிடையாது. ஒட்டுக் கேட்க ஒருத்தனும் இல்லை."

கல் கிடைத்தால் கட்டினவளிடம்கூட மூச்சுவிடாத ஊரில் வளர்ந்தவன். அவனுக்கு அந்தச் செயலி கர்த்தரே இறக்கிவிட்டது போல் தெரிந்தது.

முதல் வாரமே மாத்தே கடவுச்சொல்லைத் தொலைத்தான். மீட்டுத்தரக் கம்பெனி இல்லை. புதிதாக நுழைந்தவனுக்குச் செயலி 'ஊதா கங்காரு' என்று பெயர் சூட்டியது.

"நான்தான் மாத்தே. அப்பா எப்படி இருக்கார்?" என்று எழுதியது கங்காரு.

"நம்பாதே அண்ணா. எவனோ உள்ளே வந்துட்டான்" என்றாள் வெஸ்னா.

"நீ மாத்தேன்னா சொல்லு, சின்ன வயசுல உன் முன்பல் எப்படிப் போச்சு?" என்று கேட்டான் டாமிர்.

"நீதான்டா மண்வெட்டியால அடிச்சே!"

"நான் எங்கே அடிச்சேன்? நீயா வந்து மோதினே!"

"மாத்தேதான்" என்று ஒப்புக்கொண்டாள் வெஸ்னா.

கங்காருவோடு பட்ட பாடு போதும் என்று வேறொரு செயலிக்கு மாறினார்கள். அதில் செய்தி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேராகப் போகும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் ஒரே சமயத்தில் விழித்திருந்தால்தான் செய்தி நகரும். டாமிரின் வீடு ஊரில் பாதி வீடுகளைப் போல மண்ணுக்குள் குடைந்தது. வாசலுக்கு வந்தால்தான் போனுக்கு உயிர் வரும். மாத்தேவுக்குச் சுரங்க ஷிப்ட். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்று வெஸ்னாவுக்கு டாமிர் எழுதியது, அது வடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. காமாலை அப்போதுதான் வந்ததாக எண்ணி அவள் அழுதுகொண்டே விமானம் ஏறினாள்.

"வந்ததுதான் வந்தே, கொஞ்ச நாள் இரு" என்றார் அப்பா. எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. மெலிந்துபோயிருந்தார். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டைகள் போட்டிருந்தார்.

அவள் ஊர் திரும்பிய பிறகு, தினமும் சாயங்காலம் மூவரும் ஒரே நேரத்தில் போனைத் திறப்பது என்று ஏற்பாடு. அந்த நேரத்தை முடிவு செய்ய ஒருவருக்கொருவர் போன் செய்தார்கள்.

"போன்ல ஒண்ணும் சொல்லாதே. ஆப்புல சொல்லு."

"ஆப்புல வரத்தானேடா போன்ல கூப்பிடுறேன்!"

இதற்கும் ஒரு மருந்து இருந்தது. எப்போதும் விழித்திருக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால், செய்திகளை அது வாங்கி வைத்துக் கொடுக்கும். எங்கே வைப்பது? டாமிரின் விடுதியில் மின்சாரம் நினைத்தால் போகும். வெஸ்னா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் சந்தேகப் பிராணி. மாத்தே இருப்பதோ கொட்டகை. சூரியத் தகடும், பாட்டரியும், கால்பந்து பார்க்கப் போட்ட இணையமும் ஒருசேர இருந்தது ஒரே வீட்டில்தான்.

அப்பாவுக்குத் தெரியக்கூடாத ரகசியமெல்லாம் போய்வரும் பெட்டியை, அப்பா தூங்கும்போது அப்பா வீட்டு அலமாரி உச்சியில், அம்மாவின் பானைக்குள் டாமிர் ஒளித்து வைத்தான். மூடினால் சிக்னல் செத்தது. மூடியைச் சரித்து வைத்தான். பெட்டியின் பச்சை விளக்கு கல் கூரையில் மினுக்கியது.

"அது என்னடா?" கண் விழித்த அப்பா கேட்டார்.

"காத்து சுத்தமா இருக்கான்னு பார்க்கிற மெஷின்ப்பா."

"பானைக்குள்ள இருக்கிற காத்தையா?"

"அங்கேருந்துதான் ஆரம்பிக்கணுமாம்."

"சரி" என்றார் அப்பா.

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, அடிக்கடி அணைந்துபோனதைத் தவிர. சுவிட்ச் அலமாரி உச்சியில். நாற்காலியிலிருந்து எழவே சுவரைப் பிடிக்கிற அப்பாவுக்கு அது எட்டாது. எலியாக இருக்கும் என்று பொறி வைத்தான் டாமிர். சாமான் சரியில்லை என்று விற்றவனைத் திட்டினான். செய்தி நின்றதும் வெஸ்னா போனில் கத்துவாள். இவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான். ஓடி வந்தவனைச் சும்மா அனுப்ப அப்பாவுக்கு மனம் வராது. காபி, சீட்டு ஒரு ஆட்டம், ஸ்டாங்கோவைப் பற்றி ஒரு கதை. பெட்டியின் கோளாறைக் கண்டுபிடிக்க மாத்தேவும் லீவு போட்டு வந்தான். கோளாறு அகப்படவில்லை. அப்பாவை மெல்ல நடத்தி வெளியே கொண்டுபோய் வெயிலில் உட்காரவைத்தது மட்டும்தான் மிச்சம்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது பின்பக்கக் குழிகளைக் கிழவர் வெறித்துப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளும் அவரை அவசரமாக உள்ளே கூட்டிவந்தார்கள். அன்று முதல் அவரைத் தனியே விடுவதில்லை என்று மூவரும் பானை வழியாகவே முடிவு செய்தார்கள். வெஸ்னா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

கோடை முடிவதற்குள் அப்பா படுக்கையோடு படுக்கையானார். கண் மஞ்சள், கால் வீக்கம், இரவெல்லாம் முனகல். அதையும் 'வயசான கோளாறு' என்று மூவரும் முகம் மாறாமல் சொன்னார்கள். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அழுதார்கள்.

ஒருநாள், "சார்மா சாப்பிடணும் போல இருக்கு" என்றார்.

வேறு பானையில் செய்தால் அது சார்மாவே இல்லை. பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, யார் இலை சுருட்டுவது, யார் உப்புப் போடுவது என்று அடித்துக்கொண்டே மூவரும் சமைத்தார்கள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். "உப்பு ஜாஸ்தி" என்றார். நாலாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள், நோயாளிக் கட்டிலைத் திருப்பி எடுக்கப் பெவர்லி வந்தாள். தரையில் கிடந்த பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த டாமிர் அவளிடம் சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல், பெவர்லி. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமப் பார்த்துக்கிட்டோம். இந்தப் பாழாப்போன பெட்டி மட்டும் சும்மா சும்மா அணையாம இருந்திருந்தா..."

பெவர்லி கட்டிலின் கால்களை மடக்குவதை நிறுத்தினாள். அண்ணாந்து பார்க்காமலே, கையை நீட்டி அலமாரி உச்சியைத் தடவினாள்.

"பசங்களுக்கு நடுவுல ஒரு ரகசியத்தைப் போட்டாத்தான் பேசிக்குவாங்க, எனக்குத் தெரியாதுன்னே சொல்லுன்னு உங்களுக்குப் போன் பண்ண வச்சதே அவர்தாம்ப்பா, நீ ரெண்டு நாள் வரலைன்னா அந்த சுவிட்சை அணைச்சிட்டுப் போகச் சொன்னதும் அவர்தான்."