ஒட்டியாணம் கட்டிக்கொண்டு வரிக்குறைப்புக் கேட்கப் போனேன்

ஏழை என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். நிஜமாகவே கையில் காசில்லாதவர்களுக்கு அது வருவதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. எனக்குச் சுத்தமாக வரவில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா சீதனமாகக் கொடுத்தது, அதனால் என் பேரில் இருந்தது. முப்பதுகளின் ஆரம்பம். எனக்குப் பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, வீட்டு வரியை ஏற்றப்போவதாக நோட்டீஸ் வந்தது.

"வரி ஏறிச்சுன்னா பின்கட்டை வாடகைக்கு விட்டுற வேண்டியதுதான்" என்றார் அவர்.

கிணறு பின்கட்டில்தான் இருந்தது. பால்காரரிடமே கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் நான். முன்பின் தெரியாத ஒருத்தியோடு தினம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைப்பதாவது!

ஆட்சேபித்து மனுப் போட்டார். விசாரணைக்கு வீட்டுச் சொந்தக்காரரே வர வேண்டும் என்று பதில் வந்தது. சொந்தக்காரர் என்றால் நான். அவர் எனக்கு ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்: "வருமானம் போதலீங்க, பழைய வரியே போடுங்க." அரைக்கும்போது அம்மியிடம் சொல்லிப் பார்த்தேன். (அம்மி மறுப்பேதும் சொல்லவில்லை.)

விசாரணை நாளன்று நூல் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் வழியை மறித்தார்.

"இன்னாடி இது கோலம்? நாலு ஆம்பிளைங்க உக்காந்திருக்கிற வரிக் கச்சேரிக்கு மூளிக் கழுத்தோட போனா, எம் மவனை என்னான்னு நினைப்பாங்க?"

"அம்மா, நாம இல்லாதவங்கன்னு சொல்லத்தானே போறோம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதை வாயாலே சொல்லு. கழுத்தாலே ஏண்டா சொல்றே?"

என் நகைகள் ஏற்கெனவே அடகுக் கடையில். மாமியார் அடுத்த வீட்டு அம்மாளிடம் இரவல் வாங்கி வந்து காசுமாலை, வைரத்தோடு, ஒட்டியாணம் எல்லாவற்றையும் எனக்குப் பூட்டினார். (ஒட்டியாணம்! வரி ஆபீசுக்கு!) அரக்குப் பட்டுப் புடவை. தலை கொள்ளாத மல்லிகை.

ரிக்ஷாக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார் ஊட்டுக் கண்ணாலம் நைனா?" என்று இவரைக் கேட்டார்.

"வரி ஆபீஸ்" என்றார் இவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

"அம்மா மவாராணியாட்டம் கீது. வரி கட்டப் போறீங்களா, வசூல் பண்ணப் போறீங்களா?"

ஆபீஸ் பெஞ்சில் அடுத்த வீட்டு முதலியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வரி ஏறியிருந்தது. எங்களுக்கு அடுத்து அவர் மனு. ஒட்டுப் போட்ட வேட்டியைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு வந்திருந்தார். (விவரம் தெரிந்த மனிதர்.) என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. தம் பெண்சாதியின் நகை அவருக்கு அடையாளம் தெரியாதா?

அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வரி கட்ட முடியாதுன்னு மனு கொடுத்தது நீங்கதானா அம்மா?"

தலையை ஆட்டினேன். காசுமாலை கலகலத்தது.

கற்ற வாக்கியம் பறந்துபோயிருந்தது. ஞாபகப்படுத்துவதற்காக என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து இருமினார். மறுபடி இருமினார். பக்கத்திலிருந்தவர்கள் க்ஷயமோ என்று தள்ளி உட்கார்ந்தார்கள்.

"வரி வீட்டுக்குத்தான், கழுத்துக்கு இல்லை" என்றார் அதிகாரி பொறுமையாக. "ஆனாலும் இவ்வளவு நகையைப் பார்த்துட்டு, கஷ்டப்படறவங்கன்னு நான் எப்படி எழுதறது?"

"என்னுது இல்லீங்க."

"பின்னே யாருது?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது நான் படித்த ஐந்து வகுப்பிலும் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். திரும்பி, பெஞ்சைக் கையால் காட்டினேன்.

"அவங்க வீட்டுதுங்க."

அதிகாரி முதலியாரைப் பார்த்தார். வேட்டியின் ஒட்டைப் பார்த்தார். பிறகு என் ஒட்டியாணத்தைப் பார்த்தார்.

இரண்டு மனுவும் தள்ளுபடி.

"வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேனேம்மா உன்னை!" என்றார் முதலியார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. அவர் வீட்டம்மாள் அன்று கதவைத் திறக்கவில்லை. நகைகளை ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டாள்.

பின்கட்டுக்குச் சாந்தோமிலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம் குடிவந்தது. கிணற்றடியில் எப்படி முகம் கொடுப்பது என்று நான் குடத்தோடு ஒளிந்து நின்றேன். வாத்தியார் மனைவி என்னைக் கண்டுபிடித்து, முதல் பேச்சாகக் கேட்டாள்: "ஒட்டியாணம் போட்டுக்கினு வரி ஆபீஸ் போனது நீங்கதானே அக்கா? எங்க தெருவே சிரிச்சிச்சு!" நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

எங்கள் வீட்டுப் பெண்கள் யார் சிங்காரித்துக்கொண்டு வந்தாலும் அன்றிலிருந்து ஒரே கேள்விதான். போன தை மாதம் பேத்தி கல்யாணக் கோலத்தில் வெளியே வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "எந்த வரியைக் குறைக்கக் கிளம்பிட்டே?" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். சம்பந்தியம்மாள் என் பக்கம் குனிந்து, "என்னங்க அது, எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

பேத்தி போட்டிருந்ததில் பாதி நகை அவள் சித்தியுடையது. நான் வாயே திறக்கவில்லை.