காலிறுதியில் என் கால்

புது மாப்பிள்ளையாக மாமனார் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் வாயில் வரவே வராத சொல் ஒன்று உண்டு. 'தெரியாது' என்பதுதான் அது. இலையில் மூன்றாவது முறை சோறு விழும்போது 'போதும்' என்று சொல்லக்கூடத் தைரியம் வந்துவிடும். ஆனால் மாமனார், மாமியார், அவர்களுக்குப் பின்னால் ஒரு தெருவே நின்று "மாப்பிள்ளைக்குத் தெரியாததா?" என்று நம்பிக்கையோடு பார்க்கும்போது, தெரியாது என்று சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. எனக்கும் எழவில்லை. அதனால்தான், டெல்லியில் நடந்த ஒரு கால்பந்தாட்டத்தில் இந்தியா தோற்றதற்கு நானே காரணம் என்று சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. (மறுத்துப் பார்த்துவிட்டேன். சாட்சிகள் அதிகம்.)

எண்பத்திரண்டாம் வருடம். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கிண்டியில் ரேடியோவுக்கு மரப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். ஆணி, வார்னிஷ், உப்புக் காகிதம், இவைதாம் என் உலகம். ரேடியோவின் உள்ளே என்ன இருக்கும் என்று நான் பார்த்ததுகூட இல்லை. சம்பந்தம் பேசும் தரகர் குன்றத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியபோது நான் 'ரேடியோ பெட்டிக் கம்பெனியில் கிளார்க்'. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது 'பெட்டி' பஸ்ஸிலிருந்து எங்கேயோ கீழே விழுந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது நான் ரேடியோ என்ஜினீயர். கல்யாண மேடையில் இரண்டு பேர் வந்து என்னிடம் தங்கள் வீட்டு டிரான்சிஸ்டரின் கரகரப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் எனக்கே இந்தப் பதவி உயர்வு தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுக்கவில்லை.

என் மாமனார் சவரிமுத்து, பூந்தமல்லிக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். அதிகம் பேசாதவர். இளம் வயதில் மாதா கோயில் பையன்கள் சேர்ந்து நடத்திய கால்பந்து அணியில் வெறுங்காலோடு ஆடியவர். வலது கால் கட்டைவிரல் நகம் அப்போது போனது, திரும்ப முளைக்கவே இல்லை. அவருடைய மூத்த மகன் ஜோசப் சவுதியில் வெல்டர். அந்த ஜோசப்தான் யாரோ ஊருக்கு வந்தவர் மூலமாக ஒரு கலர் டிவியை அனுப்பியிருந்தான்.

அந்த டிவி வந்த பிறகு அந்த வீடு வீடாக இல்லை. கோயிலாகிவிட்டது. கூடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம். பூ வேலை செய்த துணி போட்டு மூடியிருந்தார் என் மாமியார். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வருவார்கள். வண்ணத்தில் படம் தெரிந்த முதல் நாள், செய்தி வாசித்த பெண்மணியின் புடவை மாம்பழ நிறம் என்பதைக் கண்டு கூடத்தில் இருந்தவர்கள் அப்படியே வாயடைத்துப் போனார்களாம். செய்தி என்ன என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். கால்பந்தில் நம் அணி காலிறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி சவுதி. அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் எங்கள் இருவரையும் விருந்துக்கு அழைத்திருந்தார் மாமனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் பெரிய சங்கடத்தில் இருந்தார்.

"எம்புள்ளைக்கு சோறு போடற நாடு மாப்ளே அது. அவங்க தோக்கணும்னு நான் எப்படி வேண்டிக்கிறது? அதுக்காவ நம்ம பசங்க தோக்கலாமா?"

"அப்ப எப்படி வேண்டிக்கிட்டீங்க அத்தை?"

"ரெண்டு பேரும் ஜெயிக்கட்டும்னு சொல்லிட்டேன். மாதா எதாவுது பண்ணுவாங்க."

முந்தின நாள் பெய்த கார்த்திகை மழையில் கூரை மேல் நட்டிருந்த மூங்கில் சாய்ந்துவிட்டது. அதன் உச்சியில்தான் ஆன்டெனா. டிவியைப் போட்டால் வண்ணமும் இல்லை, டெல்லியும் இல்லை. எறும்புக் கூட்டம்தான் ஓடியது. அதற்குள் கூடம் நிரம்பி, வாசல் நிரம்பி, ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசையில் பக்கத்து வீட்டுப் பெருமாள். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர். ஆட்டத்துக்காகக் கடையையே சாத்திவிட்டு வந்திருந்தார்.

"இன்னாத்துக்கு கவலைப்படறீங்க?" என்றார் பெருமாள். "என்ஜினீயரு வூட்லயே கீறாரு."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் பெட்டிக்கு வார்னிஷ் அடிப்பதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. மாமியார் அன்று காலை கொடுத்த புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

"மாப்பிள்ளைய போயி ஓட்டு மேல ஏத்தறீங்களே, ஊரு இன்னா சொல்லும்?" என்று மாமியார் பதறினார். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டது.

பழைய நாட்டு ஓடு. மழையில் ஊறி, பாசி பிடித்து, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. தவழ்ந்து முகட்டுக்குப் போய், குதிரை ஏறியதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, மூங்கிலை நிமிர்த்தினேன். கீழே கூடத்தில் ஒரு ஆரவாரம். படம் வந்துவிட்டது! என் வாழ்க்கையில் எனக்காக எழுந்த முதல் ஆரவாரம் அது. கம்பீரமாகக் கம்பைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கையை எடுத்தேன். படம் போய்விட்டது. கையை வைத்தேன். வந்தது. எடுத்தேன். போனது. என் உடம்பில் என்ன இருந்ததோ, நான் தொட்டால்தான் டெல்லி தெரிந்தது.

"அப்படியே புடிச்சிக்கினு இருங்க மாப்ளே!" என்று பெருமாள் கத்தினார். அத்தோடு என் தலைவிதி முடிவாகிவிட்டது.

பெருமாள் டிவி முன்னால். ஸ்டெல்லா பின்கட்டு வாசலில். நான் கூரையில். பெருமாள் சொல்வதை ஸ்டெல்லா எனக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் தரையைப் பார்த்தே பேசியவள் அவள். 'என்னங்க' என்பதைக்கூட எனக்குப் பாதிதான் கேட்கும்.

"என்னங்க… கொஞ்சம் லெஃப்ட்டுல திருப்புவீங்களாம்," என்று ஆரம்பித்தாள்.

கால் மணி நேரம் கழித்து, "லெஃப்ட்டுங்க, லெஃப்ட்டு!"

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "யோவ்! லெஃப்ட்டுன்னா சோத்துக் கையா? நொட்டாங்கைய்யா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கூரை உச்சியில், தூறலில், கையில் மூங்கிலோடு உட்கார்ந்து, என் மனைவி என்னிடம் வாய்விட்டுப் பேசிவிட்டாள் என்று பூரித்துப் போனேன். (அந்தப் பூரிப்பு எத்தனை வருடம் நீடித்தது என்பதை இங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை.)

அந்த ஆட்டத்தை நான் காதால்தான் பார்த்தேன். எனக்குக் கீழே ஒரு ஊரே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பந்து நம்மவர் காலுக்கு வந்தால் அந்த மூச்சு மெல்ல ஏறும். ஓட்டிடுக்குகள் வழியாக அது மேலே வந்து என் தொடையில் அதிர்வதுபோல இருக்கும். பந்து போய்விட்டால் 'ச்ச' என்று எல்லோர் வாயிலிருந்தும் ஒரே ஒலி. அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவத் தெருக்காரர்கள் இருந்தார்கள், பெருமாள் கோயில் தெருக்காரர்கள் இருந்தார்கள், வயலிலிருந்து சேற்றுக் காலோடு நேராக வந்தவர்கள் இருந்தார்கள். டெல்லியை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அங்கே ஆடுகிற ஒருவன் பெயர்கூட முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் அத்தனை பேரும் ஒரே நெஞ்சாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நனைந்த பூனைபோல உட்கார்ந்திருந்த எனக்கு மெய்சிலிர்த்தது. குளிரால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எதிரணி பெரிய அணி, நம்மவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்றுதான் பேச்சு. ஆனால் பாதி ஆட்டம் முடிந்தது, கோல் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. நேரம் போகப் போகக் கீழே சத்தம் குறைந்து, கடைசியில் சுத்தமாக நின்றேவிட்டது. "எவ்ளோ நேரம் கீது?" என்று யாரோ கேட்டதற்கு, "கொஞ்சம்தான். தாங்கிடுவானுங்க," என்றார் மாமனார். அன்று மாலை முழுவதும் அவர் பேசிய முதல் வார்த்தைகள்.

ஸ்டெல்லாவால் அதற்கு மேல் பின்கட்டில் நிற்க முடியவில்லை. உள்ளே ஓடிவிட்டாள். எனக்குச் சேதி சொல்ல ஆளில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, கூடத்துக்கு வெளிச்சம் வருவதற்காகக் கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடு. ஒரு கையில் கம்பைப் பிடித்தபடியே உடம்பை நீட்டினால் அதன் வழியாக எட்டிப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு நொடி. இவ்வளவு பாடுபட்டவனுக்கு அதுகூட இல்லையா? இடது காலை எடுத்து எதிரே இருந்த ஓட்டின் மேல் ஊன்றினேன்.

ஓடு பொடிப்பொடியாகப் போயிற்று. என் இடது கால் தொடை வரை கூடத்துக்குள் இறங்கியது. டிவிக்குச் சற்று முன்னால். புது வேட்டி மேலேயே ஓட்டில் மாட்டிக்கொண்டுவிட, கீழே போனது வெறும் காலும், பச்சைக் கோடு போட்ட என் பட்டாபட்டி டிராயரும்தான்.

கூடம் மொத்தமும் 'ஐயோ' என்று அலறியது. அத்தனை கண்களும் மேலே பார்த்திருக்கின்றன. அந்தக் கணத்தில்தான் டெல்லியில் கோல் விழுந்தது.

எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அலறலுக்குப் பிறகு வந்த மௌனம். அப்படி ஒரு மௌனத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. எனக்காக இவ்வளவு துடிக்கிறார்களே என்று உருகிப் போனேன்.

"பயப்படாதீங்க! லேசா சிராய்ப்புதான்! உசுருக்கு ஒண்ணும் இல்ல!" என்று மேலிருந்து குரல் கொடுத்தேன்.

பிறகு பெருமாளின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "கோல் போட்டுட்டான்யா."

"எப்படிப் போட்டான்?" என்று இன்னொரு குரல்.

"யாருக்குத் தெரியும்? நாமதான் காலப் பாத்துக்கினு இருந்தமே."

சவுதிக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிப்பதைத்தான் அவர்கள் பார்த்தார்களாம். கோலை டிவியில் மறுபடியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து, என் மானத்தைக் காப்பாற்ற ஒரு போர்வையோடு ஸ்டூல் மேல் ஏறி, என் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார் என் மாமியார். டிவி முழுவதும் அவருடைய முதுகுக்குப் பின்னால். மாமியாரை நகரச் சொல்லும் தைரியம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

இத்தனைக்கும் நான் கம்பை விடவில்லை. இதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு கால் கூடத்தில், ஒரு கால் கூரையில், கை மூங்கிலில். ஆட்டம் முடிகிற விசில் ஊதும் வரை அந்த வீட்டில் படம் அசையவில்லை.

விசில் ஊதியதும் காலை மெல்ல உருவிக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். அன்று நான் பார்த்தது அதை மட்டும்தான். பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் எந்த வயலிலும் பார்த்ததில்லை. இருண்ட கூடத்தின் அடியில், யாரோ ஒரு மைதானத்தையே மடித்துப் பெட்டிக்குள் வைத்ததுபோல ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் சின்னச் சின்ன மனிதர்கள். எந்தச் சட்டை நம்முடையது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தவர்கள் எல்லாம் நம்மவர்கள். ஒருவன் முழங்காலில் கை ஊன்றி நின்றான். இன்னொருவன் புல்லில் உட்கார்ந்தவன் எழவேயில்லை. எவ்வளவோ தூரத்தில் இருக்கிற அவன் மூச்சு வாங்குவதுகூட எனக்குத் தெரிந்தது. என் சிராய்ப்பு, என் டிராயர், என் மானம் எல்லாம் மறந்துபோய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலையவில்லை. எல்லோரும் சாவு வீட்டில்போல உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மாமனார் எழுந்தார். டிவிக்கு முன்னால் போய் நின்று, கை தட்ட ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொரு தட்டாக. வெறுங்காலோடு ஆடிய அந்த மனிதர், அவர்கள் கடைசி வரை தாங்கியதற்காகத் தட்டினார். பெருமாள் எழுந்தார். பிறகு கூடம் எழுந்தது, வாசல் எழுந்தது. டெல்லிக்குக் கேட்கவா போகிறது? அது யாருக்கும் தோன்றவில்லை. கடைசி ஆட்டக்காரன் மறையும் வரை தட்டினார்கள். நானும் தட்டப் போய், கம்பை விட்டுவிட்டேன். படம் போய்விட்டது.

மாமனார் அண்ணாந்து பார்த்தார். ஓட்டையில் என் முகம். கண் கலங்கியிருந்தார். ஏச்சு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாப்ளே," என்றார். "படம் நல்லா தெரிஞ்சிது."

அடுத்த வருடம் ஜோசப் லீவில் வந்தபோது, தெருவே அந்தக் கூடத்தில் வந்து கூடிவிட்டது. அந்த நாட்டிலேயே இருந்தவன், கோல் எப்படி விழுந்தது என்று அவனாவது சொல்வான் இல்லையா? பெருமாள் கடையிலிருந்து டீ வரவழைத்து, பயபக்தியோடு கேட்டார்.

"எனக்கு அன்னிக்கு ஓவர்டைம் அண்ணே," என்றான் ஜோசப். "நான் பாக்கலியே."

ஆக, அந்த கோலை எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாருமே பார்க்கவில்லை. கூரையில் உடைந்த இடத்தில் மாற்றிய ஓடுகள் மட்டும் பல வருடம் சிவப்பாகத் தனியாகத் தெரிந்தன. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மாமியார் அண்ணாந்து காட்டி, "அங்கதான் கோல் வுழுந்துது" என்பார். நாங்கள் பெண் எடுத்த வீட்டிலும் கதை பரவிவிட்டது. சமீபத்தில் எங்கள் மருமகளிடம், அவள் வந்த நேரம் குடும்பத்துக்கு நல்லது நடந்ததாக யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா குறுக்கே புகுந்தாள்.

"எல்லா வூட்லயும் மருமவ கால் வெச்ச நேரத்ததான் பேசுவாங்க," என்றாள், என்னைக் காட்டி. "எங்க வூட்ல மட்டும் மாப்ள கால் வெச்ச நேரம். அன்னியோட இந்தியா அவுட்டு."