வெள்ளிமலைக்குப் போன அமீர் பாய்

இனி ஆட்டுக்கறியைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று அமீர் பாய் சத்தியம் செய்தது புதன்கிழமை. சின்னசேலத்து உமைர் அவருடைய செருப்புக் கடைக்கே வந்து, மகனின் கல்யாண விருந்தான வலிமாவுக்கு அழைத்தது வியாழக்கிழமை. ஒருநாள் தாங்கியதே பெரிய விஷயம்.

சத்தியம் வாங்கியவர் மனைவி ஷர்புன்னிசா. இந்த வயதில் ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு ஏறினால் இதயத்துக்கு மட்டுமல்ல, மூளைக்கும் நல்லதில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த அம்மாளுக்குத் தூக்கமில்லை.

"நாளைக்கு என்னையே யாருன்னு கேட்டீங்கன்னா நான் இன்னாங்க பண்றது?"

"நாப்பது வருஷமா மறக்கப் பாக்கறேன், முடியலியே!"

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா கீது."

அமீர் பாய்க்கும் பயம்தான். அது பிரியாணி போய்விடுமே என்று.

விருந்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ஞாயிறு விடிந்ததும் பையை எடுத்தார்.

"ஷர்பு, வெள்ளிமலைக்குப் போயி மலைச்சாமை வாங்கிக்கினு வரேன். ஒடம்புக்கு நல்லதாமே."

"மகராசனா போயிட்டு வாங்க!"

ஆனால் ஏறியது சின்னசேலம் பஸ்ஸில். விருந்து மதியம்தான். ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து வந்த ரயிலையெல்லாம் வழியனுப்பினார். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். பிரியாணி வாளி பக்கத்து ஆளுக்குக் குனிந்தது. இவரைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. பின்னாலேயே உமைர் டிபன் கேரியரோடு வந்தார்.

"பாய், உங்களுக்கு வேற சோறு."

"இன்னா, ஸ்பெஷலா?"

திறந்தால் சாமைச் சோறு, கீரைக் கடையல்.

"ஏதுய்யா இது?"

"அண்ணி கொண்டாந்தாங்க. தோ, திரைக்கு அந்தாண்ட பொம்பளைங்க பந்தியில கீறாங்க."

ஆண்களை ஆண் அழைத்தால், பெண்களைப் பெண் தனியாக வந்து அழைப்பதுதானே வழக்கம்! உமைர் கடைக்கு வந்த நேரத்தில் உமைரின் மனைவி முஹ்சினா ஷர்புவை அழைக்க வீட்டுக்குப் போயிருப்பாள் என்பது அமீர் பாய்க்கு உறைக்கவே இல்லை. மூளையைப் பற்றி டாக்டர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

"ஏங்க, வெள்ளிமலையில குளிரு ஜாஸ்தியா?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

வெட்கத்தை மீறி அவருக்குப் பெருமையாக இருந்தது. தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, சமைத்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாளே! எப்பேர்ப்பட்ட மூளை!

"இந்த வயசுல இன்னா கட்டுப்பாடு, மாஷா அல்லா!" என்றார் பக்கத்து ஆள், எலும்பை உறிஞ்சியபடி. எல்லாம் தன் விருப்பம்தான் என்பதுபோல அமீர் பாய் தலையாட்டினார். இன்று தொலையட்டும், அடுத்த மாதம் சொந்தத்தில் நாலு கல்யாணம் இருக்கிறது.

உமைர் காதோரம் குனிந்தார்.

"அடுத்த மாசம் கல்யாணம் வெச்சிருக்கிற நாலு வூட்டுப் பொம்பளைங்களும், உங்களுக்குச் சாமைச் சோறேதான்னு அண்ணிகிட்ட இப்பவே வாக்குக் குடுத்துட்டாங்க, பாய்."