பாதுகாவலர் கையொப்பம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டைப் பெண்கள் ஆண்டாகக் கொண்டாட வேண்டும் என்று உலக நாடுகள் தீர்மானித்தன. இந்தச் செய்தி கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அனைத்துலக மாதர் தலைமைப் பயிற்சி நிலையத்துக்குச் சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தபோது ஜனவரி முடிந்துவிட்டது. பெண்களை முன்னேற்ற இன்னும் பதினோரு மாதங்கள்தான் மீதி. எனவே நிலையத்தின் ஆட்சிக் குழு அன்று மாலையே அவசரமாகக் கூடி, கூட்டத்தை அடுத்த வியாழக்கிழமைக்கு ஒத்திவைத்தது.

ஆட்சிக் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். இதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. தலைமைப் பதவியில் முன்அனுபவம் உள்ளவர்களையே குழுவில் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்படிப்பட்ட பெண்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததால்தான் நிலையமே ஆரம்பிக்கப்பட்டது. தலைவர் சாம்பசிவன், ஓய்வுபெற்ற தாசில்தார். காரியதரிசி ஸ்ரீரங்கன், ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டெண்ட். காற்புள்ளி இல்லாமல் அரைப்பக்கம் எழுதக்கூடியவர்.

நிலையத்தை உண்மையில் நடத்திவந்தவள் தபீதாள். வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. பாடம் எடுப்பது, விடுதிக்கு அரிசி வாங்குவது, குழுவின் தீர்மானங்களைக் குழு கூடுவதற்கு முன்பே எழுதி வைப்பது எல்லாம் அவள்தான். ஆனால் வாசல் பலகையில் அவள் பெயருக்குக் கீழே ‘முதல்வர் (பொறுப்பு)’ என்றுதான் இருந்தது. பதினோரு வருஷமாக அந்த அடைப்புக்குறி அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைத் திறக்கும்போது அவள் அதைப் பார்ப்பாள், பார்த்ததும் மனசு சுருங்கும். வெளியே சொன்னால் பேராசை என்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் விதி பதினான்கு. நிலையத்தில் எந்த நிலையில் சேரும் பெண்ணும் தகப்பனார், கணவர் அல்லது பாதுகாவலரின் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். தபீதாளின் அப்பா கடிதம் கொடுத்திருந்தார். பதவி உறுதியாவதற்குள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டதால், கடிதமும் அவரோடு காலாவதியாகிவிட்டது என்று ஸ்ரீரங்கன் கண்டுபிடித்தார். அடுத்த பாதுகாவலர் ஊரப்பாக்கத்தில் இருந்த அண்ணன் லாசரஸ். யோசித்துச் சொல்வதாகச் சொன்ன அவர் ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். உதவித் தலைமை ஆசிரியராகவே ரிட்டயர் ஆனவருக்குத் தங்கை முதல்வர் ஆவதில் என்ன யோசனை என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஆப்பிரிக்காவிலிருந்து நான்கு பெண்கள் ஆறு வாரத் தலைமைப் பயிற்சிக்கு வந்து இறங்கினார்கள். கென்யாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, தான்சானியாவிலிருந்து ஒரு நர்ஸ், ஜாம்பியாவிலிருந்து கூட்டுறவுச் சங்கம் நடத்தும் ஒரு அம்மாள். நான்காமவள் கானாவைச் சேர்ந்த எஃபுவா. ஆறடி உயரம், சந்தையில் துணி வியாபாரம். கடைகளைக் காலி செய்யச் சொன்ன அதிகாரிக்கு எதிராக மூவாயிரம் பெண்களைத் திரட்டி ஒன்பது நாள் சந்தையை மூடியவள். பத்தாம் நாள் அதிகாரிதான் காலி செய்தாராம். இந்த விவரத்தை விண்ணப்பத்தில் படித்த சாம்பசிவன், ‘பயிற்சி அவசியம் தேவை’ என்று ஓரத்தில் எழுதி வைத்தார்.

பயிற்சி தொடங்கியது. முதல் வாரம், கழுத்தில் விழுந்த மாலையை எத்தனை விநாடிக்குள் கழற்றி மேஜையில் வைப்பது. இரண்டாம் வாரம், நன்றியுரை. ஒலிபெருக்கிக்காரரை மறந்துவிடாமல் நன்றி சொல்வதற்கு மட்டும் ஒரு முழுநாள். மூன்றாம் வாரம் எலுமிச்சை ஸ்குவாஷ். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தால் தலைவி என்ன செய்ய வேண்டும் என்று எஃபுவா கேட்டதற்கு, அந்தச் சமயத்தில் நன்றியுரையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று ஸ்ரீரங்கன் விளக்கம் கொடுத்தார்.

விதி பதினான்கு அவர்களுக்கும் உண்டு என்பது அப்போதுதான் குழுவுக்கு நினைவு வந்தது. கணவர்களோ கடலுக்கு அப்பால். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் பயிற்சியே முடிந்துவிடும். குழு இரண்டு மணி நேரம் ஆலோசித்து, தலைவரும் காரியதரிசியும் ஆளுக்கு இரண்டு பெண்களுக்குத் தற்காலிகப் பாதுகாவலர்களாக இருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எஃபுவா சாம்பசிவன் பங்குக்கு வந்தாள். பக்கத்தில் நின்றால் அவர் அவளுடைய தோள் உயரம்தான் இருந்தார்.

அன்று சாயங்காலம் விடுதிச் சமையலறையில் எஃபுவா தபீதாளை உட்காரவைத்து விசாரித்தாள். அவள் இங்கிலீஷில் கேட்கக் கேட்க, தபீதாளுக்குப் பதினோரு வருஷமும் வெளியே வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. எங்களுக்குத் தலைமை சொல்லிக்கொடுக்கிற உன்னைத் தலைவியாக்க உன் அண்ணன் கையெழுத்து வேண்டுமா என்று எஃபுவா கேட்டாள். குழுவோடு நாளைக்கே சண்டை போடலாம் என்றாள். தபீதாள் பயந்துபோனாள்.

சமையல்காரி செல்லியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது.

“சண்டை இன்னாத்துக்கு டீச்சரம்மா? எங்க வூட்டுக்காரரு லோகோ ஷெட்டுல கீறாரு. கோவம் வந்தா அவங்கோ வேலைய நிறுத்தமாட்டாங்கோ. ரூல் புக்குல இன்னா போட்டுகீதோ, அத்த அப்டியே ஒண்ணு வுடாம செஞ்சிகினு இருப்பாங்கோ. வண்டி தன்னால நின்னுபூடும்.”

தபீதாள் இதை மொழிபெயர்த்தாள். நான்கு ஆப்பிரிக்கப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஃபுவா எழுந்து செல்லியம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள்.

விதி பதினைந்து இப்படிச் சொல்லியது: பயிற்சி பெறும் பெண்கள் தமது எந்தச் செயலுக்கும் பாதுகாவலரின் முன்அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும். எந்தச் செயலுக்கும் என்றால் எந்தெந்தச் செயலுக்கு என்று எஃபுவா கேட்டாள். தபீதாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தாள். விதிகளுக்குப் பொருள் சொல்வது பொறுப்பு முதல்வரின் கடமை. எந்தச் செயலுக்கும் என்றால் எந்தச் செயலுக்கும்தான் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அதோடு நிற்காமல் ஸ்டென்சில் வெட்டி, அனுமதிப் படிவம் ஐந்நூறு பிரதி சைக்ளோஸ்டைல் எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு காரியம் செய்யும்போது சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அஸ்தினாபுரத்தில் சாம்பசிவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலை அடைத்துக்கொண்டு எஃபுவா நின்றாள், கையில் இரண்டு படிவம். ஒன்று, குளிப்பதற்கு. மற்றொன்று, குளிப்பதற்கு அனுமதி கேட்க இங்கே வந்ததற்கு. முன்கூட்டி வாங்க முடியாமல் போனதற்கு வருத்தமும் அதிலேயே தெரிவித்திருந்தாள்.

சாம்பசிவனுக்கு முதல் நாள் சந்தோஷம் தாங்கவில்லை. ரிட்டயர் ஆனபிறகு அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. பச்சை மையில் போட்டுக்கொடுத்தார். அன்று பதினேழு படிவம் வந்தது. மூன்றாம் நாள் நாற்பத்தொன்று. தலை வாருவதற்கு, ஊருக்குக் கடிதம் எழுதுவதற்கு, எழுதியதைத் தபாலில் போடுவதற்கு. ஸ்ரீரங்கன் ஆபீசுக்குப் புறப்படும்போது தான்சானியா நர்ஸ் ரயிலடி வரை வந்து, தும்முவதற்கு அனுமதி உண்டா என்று பணிவாகக் கேட்டாள். அது இயற்கை நிகழ்வா, செயலா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் எட்டு நாற்பது வண்டி போய்விட்டது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நிலையத்தில் உள்ளூர்ப் பெண்கள் இருபத்திரண்டு பேர் படித்தார்கள். விதி அவர்களுக்கும் பொருந்தும். அவர்களும் வீட்டில் படிவத்தை நீட்டினார்கள். அனகாபுத்தூரில் நெசவாளர் பொன்னுசாமி தறியிலிருந்து இறங்கி இறங்கிக் கையெழுத்துப் போட்டதில், நான்கு நாளில் ஒரு புடவைகூட முடியவில்லை. தாம்பரம் பிளாட்பாரத்தில் கணவன்மார்கள் ஒருவர் முதுகில் ஒருவர் காகிதத்தை வைத்துச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அனுமதி வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சாம்பசிவனின் மனைவி அபிதகுஜாம்பாளும் ஆரம்பித்துவிட்டாள். அவள் நிலையத்தில் படிக்கவில்லை. தினமும் வாசலில் பார்த்ததில் அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

“காபி போடலாமான்னு எழுதிக் குடுத்திருக்கேன். உங்க மேஜை மேல இருக்கு.”

“போடேன், இதுக்கெல்லாம் என்ன?”

“வாயால சொன்னா ஆச்சா? கையெழுத்துப் போட்டு, தேதி போடுங்கோ. சர்க்கரை போடறதுக்குத் தனிப் படிவம்.”

ஆறாம் நாள் காபி வர ஒன்பதரை ஆனது. மற்ற ஆறு உறுப்பினர்களின் வீடுகளுக்கும் அதற்குள் படிவம் பரவிவிட்டது. ஏழாம் நாள் ஆட்சிக் குழு கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேரும் சவரம் செய்யாமல் வந்திருந்தார்கள். விதிகள் பதினான்கும் பதினைந்தும் பெண்களின் சுயமரியாதைக்குப் பொருந்தாதவை என்பது அவர்களுக்கு ஒரே நேரத்தில் தோன்றியிருந்தது. இரண்டையும் ரத்து செய்யவும், தபீதாளை முழு முதல்வராக நியமிக்கவும் தபீதாளே தீர்மானம் எழுதி வைத்திருந்தாள். சாம்பசிவன் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“நல்ல தீர்மானம்தான். எதுக்கும் ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்து போட்டுடறேன்.”

மற்ற ஆறு பேரும் அதுவே உசிதம் என்றார்கள். மறுநாள் எல்லா வீடுகளிலும் சம்மதம் கிடைத்து, தீர்மானம் நிறைவேறியது.

வெற்றியைக் கொண்டாட எல்லாப் பெண்களும் விடுதிக் கூடத்தில் கூடினார்கள். செல்லியம்மாள் கேசரி கிளறினாள். எஃபுவா இங்கிலீஷில் பேச, தபீதாள் தமிழில் சொன்னாள். ஒரு விதியை ஒழித்ததோடு கலைந்துபோகக் கூடாது, ஊர் ஊராகப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் நிற்க வேண்டும், இன்றே தலைவியைத் தேர்ந்தெடுங்கள் என்றாள். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். யார் தலைவி என்ற கேள்வி வந்தது. குரோம்பேட்டை திரிபுரசுந்தரி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அனகாபுத்தூர்க்காரி நாத்தனாரைக் கேட்க வேண்டும் என்றாள். அப்படியே இருபத்திரண்டு பேரும். அப்படியானால் சங்கம் அமைகிறவரை எஃபுவாவே இன்னும் இரண்டு வாரம் இருந்து நடத்தட்டும் என்று யாரோ சொன்னார்கள். எஃபுவா கூரையைப் பார்த்தாள்.

“இருக்கலாம். வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்துக் கேட்க வேண்டும்” என்றாள்.

அதற்குள் தபீதாளின் நியமன உத்தரவு வந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லாத உத்தரவு. கீழே, ‘இப்பதவியை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரிக்கு அடியில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். யாருடைய சம்மதமும் வேண்டாம். எஃபுவா பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தபீதாள் உத்தரவை நான்கு தடவை படித்துவிட்டுக் கைப்பையில் வைத்தாள்.

“அனுமதி கேக்கப் போகலை. அண்ணன் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துர்றேன். பஸ்ல அரை மணி நேரம்தான்.”

எஃபுவா தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

ஊரப்பாக்கத்தில் லாசரஸ் அண்ணன் உத்தரவை வாங்கி, முதலில் முத்திரையைப் பார்த்தார், பிறகு படித்தார். எதிரே உட்கார்ந்திருந்த எஃபுவாவை ஒருமுறை பார்த்தார். ஒன்பது வருஷ யோசனை அவருக்கு அந்த இடத்தில் முடிவுக்கு வந்தது.

“எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல. உங்க அண்ணிதான்... அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

தபீதாள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தான் கும்பிட்ட வாசல் இதுவே இல்லையா? அண்ணன் சமையலறைப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார். அண்ணி ரத்தினபாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு விஷயம் இந்த வீட்டில் ஒன்பது வருஷமாக இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“என்னை ஏங்க கேக்கிறீங்க? எனக்கு என்ன தெரியும்? நம்ம குடும்பத்துல விஷயம் தெரிஞ்சவ தபீதாள்தான். அவ என்ன சொல்றாளோ அப்படியே செஞ்சுடுங்க.”

லாசரஸ் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கை சொல்வதற்காக மரியாதையாகக் காத்திருந்தார். எஃபுவாவும் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

தபீதாள் உத்தரவை இன்னொரு தடவை படித்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.