‘இடைவிடாமல்’ என்ற சொல்லுக்குச் சரியான பொருள்

தொழிலாளர் சட்டங்களை மக்களுக்குப் புரிகிற மொழியில் பெயர்ப்பதற்கென்று அரசாங்கம் ஓர் அலுவலகம் வைத்திருந்தது. மூன்றாவது மாடி, ஆறு அறை, நாற்பது அலமாரி, ஓர் இயக்குநர். மொழிபெயர்க்க மட்டும் ஒரே ஓர் ஆள். அந்த அம்மாளை எல்லோரும் அகராதியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அகராதியம்மா ஒன்பது வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை அவருடைய நியமன ஆணை காலாவதியாகும். அந்த ஒரு நாள் மட்டும் அலுவலகத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆகவே அன்றைக்கு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். மறுநாள் புது ஆணையோடு உள்ளே போய்விடுவார்.

அந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் வந்தது. மூலத்தில் ஒரு பிரிவு ஒரே வாக்கியமாக ஒன்றரைப் பக்கம் ஓடியது. அகராதியம்மா அதோடு நான்கு நாள் மல்லுக்கட்டி ஏழே சொல்லில் முடித்தார்: ‘ஓராண்டு இடைவிடாமல் வேலை பார்த்தவர் நிரந்தரப் பணியாளர் ஆவார்.’

அச்சுப்படி மேசையில் கிடந்தது. மாடியைக் கூட்டித் துடைக்கிற பெண் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அதைப் படித்தாள்.

“அக்கா, இது சட்டமா? எனக்கே புரியுதே!”

“சட்டம்தாம்மா.”

“நான் ஆறு வருஷமா கூட்டுறேன். அப்ப நான் நிரந்தரமா?”

அகராதியம்மா பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருஷம் பெயர்த்த சட்டம் தன்னையும் பற்றியது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இயக்குநர் மேசையில் பத்தொன்பது விண்ணப்பங்கள் இருந்தன. டிரைவர், லிஃப்ட்காரர், தட்டச்சர்கள், கூட்டுகிற பெண், அகராதியம்மா, எல்லோரும் எழுதியிருந்தார்கள். இயக்குநர் நல்ல மனிதர். யாருக்கும் எந்தக் கெடுதலையும் எழுத்துமூலம் செய்ததில்லை. அகராதியம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“இவ்வளவு புரியுற மாதிரி எழுதச் சொல்லி உங்களுக்கு யாரும்மா உத்தரவு போட்டது?”

“மூலத்துல அப்படித்தான் சார் இருக்கு.”

“மூலத்துல இருக்கலாம். அது யாருக்கும் புரியாது, யாருக்கும் தொந்தரவும் இல்ல. சரி, ‘இடைவிடாமல்’னா என்ன அர்த்தம்?”

“நடுவுல நிறுத்தாம, சார்.”

“மத்தியானம் சாப்பிடப் போறீங்களா?”

“போறேன்.”

“சாயங்காலம் வீட்டுக்கு?”

“போறேன் சார்.”

“அப்ப நிறுத்திட்டீங்களே! ஒன்பது வருஷமா தினம் தினம் நிறுத்திட்டு, இப்ப வந்து இடைவிடாமல்னா எப்படிம்மா? சாப்பாட்டை வேணா விட்டுடலாம். நாம என்ன மனிதாபிமானம் இல்லாதவங்களா?”

அதே மேசையில் அகராதியம்மாவின் அடுத்த ஆணை கையெழுத்தாகாமல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததை இயக்குநரும் பார்த்தார். அன்றே விளக்கக் குறிப்பு தயாரானது: ‘இடைவிடாமல் என்னும் சொல், பணியிடத்தினின்று இல்லத்துக்கு ஏகாமல் எனப் பொருள்படும்.’ ‘ஏகாமல்’ மட்டும் இயக்குநரின் சொந்தப் பங்களிப்பு.

வீட்டில் எட்டாவது படிக்கிற மகள், “அம்மா, பர்மனென்ட் ஆயிட்டியா?” என்று ஓடி வந்தாள். “பேசிட்டிருக்காங்க” என்றார் அகராதியம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

காலையில் கூட்டுகிற பெண் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இதை நீங்களா எழுதினீங்க?”

“ஆமா.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அகராதியம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. குறிப்பை இன்னொரு தடவை படித்தாள்.

“அப்ப வீட்டுக்கு ஏகலைன்னா நிரந்தரம்தானே?”

அகராதியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொல்லுக்குச் சொல் சரிபார்த்தார். எங்கேயும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“சட்டப்படி, ஆமா.”

அன்று மாலை ஐந்து மணிக்குப் பத்தொன்பது பேரும் எழுந்திருக்கவில்லை. முதலில் பாயை விரித்தது அந்தப் பெண். அடுத்தது அகராதியம்மா. ஆவண அறை வீடாக மாறியது. டிரைவரின் சட்டை அலமாரிக் கைப்பிடியில் காய்ந்தது. அகராதியம்மாவின் புருஷன் பேருந்து ஓட்டுநர். வேலைக்குப் போகிற வழியில் மாற்றுத் துணியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கோப்புக் கட்டின்மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டாள்.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்க!” என்று இயக்குநர் கத்தினார்.

“எழுத்துமூலம் உத்தரவு கொடுங்க சார், போறோம்” என்றார் அகராதியம்மா. இயக்குநர் எழுத்துமூலம் எதுவும் கொடுக்கவில்லை.

பதினோராம் நாள் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. விளக்கக் குறிப்பு அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. ‘மேற்படி விளக்கம் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும். இந்நாள்வரை இல்லத்துக்கு ஏகி மீண்ட அனைவரும், பதவி வேறுபாடின்றி, தற்காலிகப் பணியாளர்களாகக் கருதப்படுவர்.’

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இயக்குநர் அகராதியம்மாவின் அறைக்கு வந்தார். யாரும் சொல்லாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“என்னையும் சேர்த்தாம்மா?”

“பதவி வேறுபாடின்றின்னு போட்டிருக்கே சார்.”

“இருபத்தாறு வருஷ சர்வீஸ்மா!”

“தினம் வீட்டுக்குப் போயிட்டீங்களே சார்.” அகராதியம்மா கேலி செய்யவில்லை. சொல்லுக்குப் பொருள்தான் சொன்னார்.

“அந்த வார்த்தையைப் பழையபடி மாத்திடலாமா?”

“தாராளமா மாத்தலாம். திருத்தத்துல ஒரு நிரந்தரப் பணியாளர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

“தலைமையகத்துல கேளுங்களேன்!”

“கேட்டுட்டேன் சார். மேல வரைக்கும் எல்லாருமே வீட்டுக்குப் போறவங்கதானாம்.”

“அப்ப யாருதாம்மா நிரந்தரம்?”

“இப்போதைக்கு யாரும் இல்ல. இன்னும் முன்னூத்தி ஐம்பத்துநாலு நாள்ல நம்ம மாடி கூட்டுறவங்க ஆயிடுவாங்க. அவங்க போட்டா செல்லும்.”

இயக்குநர் கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினார். பிறகு வீட்டுக்கு ஃபோன் போட்டார். “என் துணியெல்லாம் கொடுத்தனுப்பு... வெளியூர் இல்ல, ஆபீஸ்தான்... ஒரு வருஷம்.”

ஐந்து மணிக்கு நாற்காலி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆவண அறை வாசலில் வந்து நின்றார். கூட்டுகிற பெண் ஒரு நோட்டைத் திறந்து இருபதாவது பேராக எழுதிக்கொண்டாள்.

“வாங்க சார். ஃபேனுக்குக் கீழ சீனியருங்க. ஜூனியரெல்லாம் கதவுப் பக்கம்.”

“அங்க காத்தே வராதேம்மா?”

“விண்ணப்பம் எழுதிக் கொடுங்க” என்றாள் அவள், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “பரிசீலனை பண்றோம்.”