சம்பானில் நின்று நான் பேசிய பேச்சு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு பொதுக்கூட்டத்தில்தான் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சு முடிவதற்குள் நானும் கூட்டத்தின் தலைவரும் கடலுக்குள் இருந்தோம். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பேசக் கூப்பிடவில்லை. (கூப்பிட்டிருந்தாலும் என் மனைவி விட்டிருக்க மாட்டாள்.)

ஐம்பத்தேழாம் வருடம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலாக்கா காஜா பெராங்கில் உம்மாவோடு குடியிருந்தேன். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. நாடு சுதந்திரத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். காப்பிக் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் கை தட்டுவார். அந்தக் காற்று என்னையும் அடித்துவிட்டது. துணி கிழித்துக் கொடுக்கும்போதுகூட "பெருமக்களே" என்றுதான் ஆரம்பிப்பேன். பாவாடைத் துணி வாங்க வந்த பெண்கள் பயந்து அடுத்த கடைக்குப் போனதுண்டு.

அந்த வருடம்தான் உலகத்தையே சுற்றிக்கொண்டு அந்தச் சளிக்காய்ச்சலும் வந்தது. எங்கள் தெருவில் வீடு வீடாகப் படுத்தார்கள். பள்ளிக்கூடம் மூடினார்கள். உஜோங் பாசிர் கடற்கரைக்கு எதிரே, சம்பான் என்ற துடுப்புப் படகில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னத் தீவு. நாற்பது வீடு இருக்கும். அவர்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு தீவையே மூடிவிட்டார்கள். அரிசியும் எண்ணெயும் கொண்டு போகும் படகு துறையில் சாமானை இறக்கிவிட்டு அப்படியே திரும்ப வேண்டும். வெளியாள் கால் வைக்கக் கூடாது. தீவுக்காரர்களும் டவுனுக்கு மீன் கொண்டுவரக் கூடாது.

இதில் எனக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்தத் தீவில் இருந்த ஒரே தமிழ் வீடு என் தாய்மாமா வீடு. ஒரே மளிகைக் கடையும் அவருடையதுதான். அவருடைய இரண்டாவது மகள் ஜுபைதாவைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்றார்கள். பெருநாள் போய் வாரங்கள் ஓடிவிட்டன. தீவு திறக்கவில்லை.

இந்த நிலையில் படகுக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தீவைத் திறப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறார்களாம். ஊர்த்தலைவர் தோக், திறக்கலாம் என்கிறார். பிடித்த மீனை விற்க முடியாமல் ஆண்களெல்லாம் அவர் பக்கம். மாக் பிடான் என்று எல்லோரும் கூப்பிடும் மருத்துவச்சி அம்மா, கூடாது என்கிறார். அவர் கையில் பிறக்காதவர் அந்தத் தீவில் குறைவு என்பதால் பெண்களெல்லாம் அவர் பக்கம். டவுன் நிலவரம் தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் நல்லது என்று தோக் நினைக்கிறாராம்.

"நான் போறேன்" என்றேன். காப்பிக் கடையே திரும்பிப் பார்த்தது.

பேச்சைத் தமிழில் எழுதினேன், பதினோரு பக்கம். அதை எனக்குத் தெரிந்த கடை மலாயில் நான் சொல்லச் சொல்ல, நல்ல மலாயில் எழுதிக் கொடுத்தவன் கம்போங் செட்டியில் இருந்த என் சிநேகிதன் சுப்பு பிள்ளை. பெயர்தான் தமிழ், அவனுக்குத் தமிழ் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. பிறந்ததிலிருந்து மலாய்தான். பதினோரு பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கிக் கொடுத்துவிட்டு, "இதுல உள்ளதெல்லாம் இவ்வளவுதான்" என்றான். கோபித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அவனுடைய அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு ஒன்றையும் இரவல் வாங்கினேன். கனத்த கம்பளி. மலாக்கா வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க ஒன்று வைராக்கியம் வேண்டும், இல்லை புத்தி குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் எழுந்தபோதே மூக்கு ஒழுகியது. தொண்டையில் ஒரு கரகரப்பு. 'கடற்காற்று' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (காஜா பெராங்கில் ஏது கடற்காற்று?) கைக்குட்டை முழுக்கத் தைலம் தெளித்து முகர்ந்துகொண்டே சம்பானில் ஏறினேன். துணைக்குச் சுப்பு பிள்ளையும் வந்தான்.

துறையை நெருங்கும்போது தோக் கையைக் காட்டி நிறுத்தினார். தீர்ப்பு வரும்வரை பழைய கட்டுப்பாடுதானாம். அதனால் நான் படகில் இருந்தபடியே பேச வேண்டும். கரையில் ஆண்கள் ஒரு பக்கம், மரத்தடியில் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மாக் பிடான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

உட்கார்ந்து பேசினால் பேச்சாளனுக்கு என்ன மரியாதை? எழுந்தேன்.

"லு ஜாங்கான் பெர்திரி லா!" எழுந்து நிற்காதே என்று சுப்பு பிள்ளை என் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தான். உதறினேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. மீன் அழுகுவதைச் சொன்னேன், ஆண்கள் தலையாட்டினார்கள். நாடே சுதந்திரம் கேட்கும்போது ஒரு தீவு தன்னைத் தானே சிறை வைக்கலாமா என்றேன், தோக் கை தட்டினார்.

மாக் பிடான் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "டவுன்ல காய்ச்சல் நின்னுடுச்சா?"

"அடியோடு நின்னுடுச்சு மாக். என்னையே பாருங்க! காய்ச்சல் பரவுன தெருவுலேர்ந்து வந்திருக்கேன். இந்த உடம்புல ஏதாவது தெரியுதா?"

நெஞ்சை நிமிர்த்தி, கையை விரித்தேன். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது.

சாதாரணத் தும்மல் இல்லை. கரையில் இருந்த கோழிகள் சிதறின. அடக்கப் பார்த்தேன், இரண்டாவது அதைவிடப் பெரிதாக வந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் தமிழில் கத்தியது: "மச்சான், வாயைக் கையால பொத்துங்க!"

அது ஜுபைதா. கல்யாணம் பேசிய பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். உருகிப்போய் அவள் பக்கம் திரும்பினேன். மூன்றாவது தும்மல், திரும்பிய கால், ஆடிய சம்பான். கல்யாணக் கோட்டோடு தண்ணீருக்குள் போனேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. "யா அல்லா!" என்று கையைக் காலை அடித்தேன். தோக் ஒரு கணம் யோசிக்கவில்லை. அறுபது வயது மனிதர், தலைப்பாகையோடு குதித்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். பிடித்த பிறகு சொன்னார், "தம்பி, எந்திரிச்சு நில்லு."

நின்றேன். தண்ணீர் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது.

அவர் தோளில் சாய்ந்தபடி நான்காவது முறை தும்மினேன். கரையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நாலடி பின்னால் போனார்கள். மாக் பிடான் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. கூட்டம் முடிஞ்சிது."

தீவின் கடைசியில் கருவாடு காயவைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் பத்து நாள் என்று தீர்ப்பானது. கட்டுப்பாட்டைத் தளர்த்த நின்ற தலைவரும், அவருக்காகப் பேச வந்த நானும் ஒரே பாயில். சுப்பு பிள்ளை தூரத்திலிருந்து கையாட்டிவிட்டுப் படகைத் திருப்பினான். அவன் காஜா பெராங் போய் உம்மாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்ன செய்தி: "ஹமீது பேச்சு. ஹமீது தண்ணி. ஹமீது வராது." உம்மா ஒப்பாரி வைக்க, அக்கம்பக்கம் கூடி, அவன் பேந்தப் பேந்த விழித்தது தனிக் கதை.

மறுநாளே எனக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கண் திறக்க முடியவில்லை. ஈரத் துணி வைத்ததும், தலையைத் தூக்கிக் கஞ்சி ஊட்டியதும் தோக்தான். மாக் பிடான் நாளுக்கு மூன்று முறை இஞ்சித் தண்ணீரும் கஞ்சியும் வேலிக் கம்பத்தில் வைத்துவிட்டு, தகரத்தைத் தட்டிக் கூப்பிடுவார். மாமி செய்து அனுப்பிய மிளகு ரசமும் அதோடு வரும். ஜன்னியில் நான் அந்தப் பதினோரு பக்கப் பேச்சையும் தமிழில் முழுதாகப் பேசிவிட்டேனாம். "நல்ல பேச்சு. ஒண்ணும் புரியல, ஆனா பாதியிலேயே விழாம முடிச்சே" என்று தோக் பாராட்டினார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமா வேலிக்கு அப்பால் நின்று நலம் விசாரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடு மாப்ளே. உன் பேச்ச நம்பி அன்னிக்கே தொறந்திருந்தா நேரா எங்க வந்திருப்பே?"

"நம்ம வீட்டுக்குத்தான் மாமா. மாமி சமைச்சு வச்சிருந்தாங்களே."

"பெரியவ பிள்ளை பெத்து இருபது நாள்தான் ஆச்சு. உன் மடியிலதான் முதல்ல கொடுக்கணும்னு மாமி சொல்லிட்டிருந்தா."

மாமா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார். அந்த ஞாயிறு காலையிலேயே மூக்கு ஒழுகியது எனக்குத் தெரியும். தெரிந்தே நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தத் தும்மல் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால், கை தட்டலோடு இறங்கிப் போய் அந்தப் பிஞ்சு முகத்துக்கு நேரே குனிந்திருப்பேன். அழுதேன். தோக் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கும் ஒரு வாரம் இருமல் இருந்தது. வேறு யாருக்கும் வரவில்லை.

எட்டாம் நாள் கூட்டம் மறுபடி கூடியது, இந்த முறை எங்கள் கொட்டகைக்கு எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம். "இன்னும் ஒரு மாசம் மூடி வைக்கணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் மாக் பிடான். முதலில் உயர்ந்தது கொட்டகைக்குள்ளிருந்து தோக்கின் கை. அடுத்து நான் இரண்டு கையையும் தூக்கினேன். மாக் பிடான் அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சுதந்திரக் கொடி ஏறிய மறுமாதம் அந்தத் தீவிலேயே எங்கள் நிக்காஹ் நடந்தது. தோக் தன் செலவில் ஒரு கூடை மீனும், மாக் பிடான் ஒரு போத்தல் தைலமும் தந்தார்கள். நான் நடந்து இறங்குவதற்குத் துறையில் நாலு பேர் கை பிடித்தார்கள்.

அவர்கள் யாரும் இப்போது இல்லை. அந்த அம்மா பிடிவாதமாக இருந்ததற்கும், அந்த மனிதர் யோசிக்காமல் குதித்ததற்கும் நான் தொழுகையில் இன்றும் நன்றி சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மறுபடி ஒரு நோய் வந்து உலகமே கதவடைத்ததே, கட்டுப்பாடு தளர்ந்ததும் பெருநாளைக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் போனில் பெரிய விவாதம் வைத்தார்கள். முகங்கள் திரை முழுக்க. ஆளுக்கொரு ஓட்டு என்று முடிவானது. புக்கிட் பாருவிலிருந்து மூத்த மகன் எண்ணிக்கொண்டே வந்து, "அத்தா, உங்க ஓட்டு?" என்றான்.

நான் தொண்டையைச் செருமினேன். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஜுபைதா சொன்னாள்:

"அடுத்த ஆளக் கேளுங்க. அத்தா ஓட்டு அம்பத்தேழுலேயே தண்ணியில போச்சு."