ஹோரஸ்ம் பேச்சும் பதினோரு முலாம்பழமும்

பதினோராவது முலாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு சனோபர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் கணவர் ஷாகிர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"மறுபடியுமா? குளியல் தொட்டியில ஏற்கனவே ஏழு கிடக்கு. நான் எங்கதான் குளிக்கிறது?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க. படிப்புன்னா சும்மாவா வரும்?"

ஞாயிற்றுக்கிழமை ஹோரஸ்ம் பக்கத்து ஊர்கெஞ்சில், பெண் வீட்டில், ரொட்டி உடைக்கப் போகிறார்கள். பெரியவர்கள் கூடி ரொட்டியை இரண்டாக உடைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி; அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். மகன் எல்யோர் தன்னோடு தாஷ்கந்தில் படித்த அனாஜோனைத்தான் கட்டுவேன் என்கிறான். பெண்ணைப் பற்றிச் சனோபருக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் இதுவரை முகம்கூடப் பார்த்திராத பெண்ணின் தாயார் ஜுமாகுலைப் பற்றித்தான். அடுத்த முப்பது வருடம் அந்தச் சம்பந்தியோடு உட்கார்ந்து டீ குடித்தாக வேண்டும். சனோபரின் தங்கை விசாரிக்காமல் சம்பந்தம் செய்துகொண்டாள். அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அவள் டீயைத் தனியாகத்தான் குடிக்கிறாள்.

ஆகவே நேரில் போய் விசாரிப்பது என்று சனோபர் முடிவு செய்தாள். பாலிகிளினிக்கில் சீட்டு எழுதும் ஜன்னலில் இருபது வருடம் உட்கார்ந்தவள். யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்கிவிடுவாள். ஆனால் ஹோரஸ்ம்காரர்கள் முன்னால் தாஷ்கந்துப் பேச்சில் வாயைத் திறந்தால், பெண் கேட்க வந்தவள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளிவிடுவார்கள். உண்மை வேண்டுமென்றால் அவர்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும்.

சந்தையில் முலாம்பழம் விற்கும் ஹோரஸ்ம்காரர் மத்யாகூப் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். ஒரு பாடத்துக்கு ஒரு பழம் வாங்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை அதே தெருவுக்குத்தானே எல்லாரும் போறோம்? அப்ப உன்னை அடையாளம் தெரியாதா?" என்றார் ஷாகிர்.

"அப்ப வேற முக்காடு போட்டுப்பேன்."

பால்கனிக்குப் போய் அன்றைய பாடத்தைப் பழத்தின் மேலேயே ஒத்திகை பார்த்தாள். "எப்படி இருக்கிய? சொவமா இருக்கியளா? எங்கன போறிய?"

அடுத்த பால்கனியிலிருந்து கராமத் அக்காவின் தலை நீண்டது.

"சனோபர், யாரோட பேசுற?"

"யாரோடயும் இல்லக்கா."

"மூணு வாரமா கேட்டுட்டுத்தான் இருக்கேன். என்னமோ புரியாத பாஷை. இன்னிக்கு அந்தப் பழத்தோட கன்னத்தை வேற தடவுற!"

கராமத் அக்காவிடம் ஒன்றைச் சொல்வதும் வானொலியில் அறிவிப்பதும் ஒன்றுதான். சனோபர் வாயைத் திறக்கவில்லை. அதுவே வினையாயிற்று. பத்து நிமிடத்தில் அக்கா கண்ணேறு கழிக்கும் மூலிகைப் புகையோடு வந்து, சனோபரையும் பழத்தையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை சனோபர் விமான நிலையத்துக்குக் கிளம்பினாள். கட்டட வாசலில் பைகளோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மூத்தவள் அவளை மறித்தாள்.

"மதிப்பிற்குரிய சகோதரியே, இக்குடியிருப்பில் வாடகைக்கு இல்லம் ஏதேனும் உள்ளதா?"

யாரோ பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என்று நினைத்துக்கொண்டாள் சனோபர். "மூணாவது மாடி, கராமத் அக்காவைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாதது இந்தக் கட்டடத்துல எதுவுமே இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஊர்கெஞ்சில் பத்தரை மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. ஜுமாகுலின் வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு முற்றத்தில் ஒரு பெண்மணி தந்தூர் அடுப்பில் அகல அகலமாக ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயர் பீபிஜோன் என்று கதவில் எழுதியிருந்தது. சனோபர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மத்யாகூப் கற்றுத்தந்த குரலிலேயே கத்தினாள்.

"வாங்க யக்கா, வாங்க! பாக்கதுக்குத் துட்டு இல்ல!"

பீபிஜோன் திடுக்கிட்டுத் திரும்பினாள். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தன்னையே உள்ளே கூப்பிடுகிறவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எப்படி இருக்கிய?" என்றாள் மரியாதைக்கு.

"தேனு மாதிரி இருக்கேன்! வேணும்னா தட்டிப் பாருங்க!"

"முலாம்பழம் விக்க வந்தியளாக்கும்? வண்டிய எங்க நிறுத்தியிருக்கிய?"

மூன்று வாரமாகத் தான் படித்தது சந்தை வியாபாரியின் கூவல் என்பது சனோபருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் பார்த்த தலைமையாசிரியை நல்லவேளையாக நினைவுக்கு வந்தாள்.

"பழம் இல்ல யக்கா. வாடகைக்கு வீடு பாக்க வந்தேன்."

"அப்ப வெளிய எதுக்கு நிக்கிய? உள்ள வாங்க. தின்னுட்டுப் பேசுவோம்."

முட்டை பொதிந்த பராக் கொழுக்கட்டை ஒரு தட்டு வந்தது. அதை முடிப்பதற்குள் இரண்டாவது வந்தது. வேண்டாம் என்று சொல்லும் வார்த்தையை மத்யாகூப் கற்றுத்தரவேயில்லை. வேண்டாம் என்பதை அவர் வியாபாரத்தில் ஒத்துக்கொண்டதுமில்லை.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"ஹன்கா."

"ஹன்காவா! எங்க வீட்டுக்காரவிய ஊருல்லா அது! எந்தத் தெரு?"

சனோபர் வாயிலிருந்த பராக்கை அவசரமாக விழுங்கினாள். "பொறந்தது மட்டுந்தான் அங்கன. ரெண்டு வயசுல கூர்லனுக்குப் போயிட்டோம்."

"அடடா, எங்க மூத்த மருமவ கூர்லன்காரில்லா! தோட்டத்துல நிக்கா. கூப்பிடுதேன், இரிங்க."

"வேண்டாம் யக்கா! கூர்லன்னா, ஊருக்குள்ள இல்ல. வெளிய. ரொம்ப வெளிய."

"ரொம்ப வெளியன்னா எவ்வளவு வெளிய?"

பேச்சை மாற்றியாக வேண்டும். சனோபர் வந்த காரியத்துக்குத் தாவினாள். "எதித்த வீடு பூட்டிக் கிடக்கே?"

"ஜுமாகுலா? வெளியூருக்குப் போயிருக்கா. எம்மவளும் துணைக்குப் போயிருக்கா. தங்கமான மனுசி."

"தங்கம்னா எப்படி? கோவம் வருமா? வீட்டுல எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசுவாவளா? டீ குடிக்கும்போது சிரிப்பாவளா?"

மூன்றாவது தட்டை நீட்டிய பீபிஜோனின் கை பாதியில் நின்றது.

"வாடகைக்கு வீடு பாக்க வந்தவியளுக்கு எதித்த வீட்டுக்காரி சிரிப்பு எதுக்கு?"

சனோபர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்... ஆ! பல்லு! பல்லு வலிக்கி யக்கா. பேச முடியல."

இருக்கிற நிலைமைக்குப் பேசாமல் இருப்பதுதான் ஒரே வழி என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். ஆனால் பீபிஜோனின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்கா கவலப்படுதிய? எம்மருமவன் ரோஸ்மத் பல் டாக்டருல்லா! இந்தா, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவிய ஆஸ்பத்திரி."

"இப்ப பரவால்ல யக்கா. நின்னுட்டு."

"பல்லுவலி அப்படித்தான், நிக்க மாதிரி நிக்கும். நடங்க நீங்க!"

ரொட்டி மாவு ஒட்டிய கையால் பீபிஜோன் பிடித்த பிடியில் சனோபர் நாற்காலியில் போய் விழுந்தாள். ரோஸ்மத் ஒடிசலான, அமைதியான மனிதர். போனில் யாரிடமோ "சரி, சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கிய?" என்றார்.

பழக்கதோஷம். "தேனு மாதிரி! தட்டிப் பாருங்க!" என்று சனோபர் சொல்லித் தொலைத்தாள்.

அவர் உண்மையிலேயே ஒரு சின்னக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மாமியாரிடம், "நிலைமை சரியில்ல அத்த. நாலு பல்லப் புடுங்கணும்" என்றார்.

"நாலா!" என்றாள் பீபிஜோன்.

"அஞ்சாவும் இருக்கலாம்." பளபளவென்று ஒரு குறடை எடுத்தார். "யம்மா, வாய நல்லாத் தொறங்க."

சனோபரின் ஹோரஸ்ம் பேச்சு அந்தக் குறடைக் கண்டதும் பறந்தே போய்விட்டது.

"ஐயையோ, வேணாங்க! என் பல்லு நல்லாத்தான் இருக்கு! எனக்கு வலியே இல்ல! நான் தாஷ்கந்துங்க!"

பீபிஜோன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"தாஷ்கந்தா? அப்ப கூர்லனுக்கு ரொம்ப வெளியன்னிய, அது நெசந்தான் போல."

சனோபருக்கு அழுகையே வந்துவிட்டது. முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் எல்யோரோட அம்மா. அனாஜோனைக் கேட்டிருக்கோமே, அந்தப் பையனோட அம்மா. சம்பந்தி எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். உங்க சோத்தைத் தின்னுட்டு உங்ககிட்டயே பொய் சொல்லிட்டேன். இது அவங்க காதுக்குப் போனா பொண்ணு குடுப்பாங்களா? என் புள்ளை வாழ்க்கையை நானே கெடுத்துட்டேனே!"

எதிரி என்று நினைப்பதா, விருந்தாளி என்று நினைப்பதா என்று குழம்பிய பீபிஜோன், கடைசியில் ஒரு கோப்பை டீயை ஊற்றி அவள் கையில் திணித்தாள்.

"அவங்க எப்ப வருவாங்க?" என்றாள் சனோபர் தேம்பிக்கொண்டே. "இருந்து மன்னிப்புக் கேட்டுட்டே போறேன். ஜுமாகுல் அக்கா எந்த ஊருக்குத்தான் போயிருக்காங்க?"

பீபிஜோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர்க் குடுவையின் மூடியைச் சரிசெய்தாள். இதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ரோஸ்மத் குறடைக் கீழே வைத்தார்.

"அவியளும் மூணு வாரமா டிவி செய்தி பாத்து உங்க பேச்சப் படிச்சுக்கிட்டு, உங்க கட்டடத்துலதான் காலையில இருந்து வாடகைக்கு வீடு பாக்குதாவ; பையனோட அம்மா முலாம்பழத்தக் கொஞ்சிக்கிட்டே 'எப்படி இருக்கிய, எங்கன போறிய'ன்னு கேக்குதாவன்னு யாரோ கராமத்தாம், சொல்லியிருக்காவ, அதக் கேட்டதும் 'எனக்கேத்த கிறுக்கி இவதான்'னு ஜுமாகுல் அத்த உங்க வீட்டுக்காரவிய முன்னாலயே ரொட்டிய உடைச்சுட்டாவளாம், துணைக்குப் போன எம்பொஞ்சாதி இப்பத்தான் போன் பண்ணுனா!"